வேர் முடியாத பல்லில் சீழ்: அடைப்பதா, வளர விடுவதா?

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. வாயில் ஒரு சொத்தை கிடையாது. ஆனால் கீழ்த்தாடையில், கோரைப்பல்லிலிருந்து பின்னால் எண்ணினால் இரண்டாவதாக வரும் முன்கடைவாய்ப்பல்லுக்குக் கீழே ஈறில் ஒரு கொப்புளம். அழுத்தினால் சீழ் வருகிறது. எக்ஸ்ரேயில் பார்த்தால் வேர் முக்கால்வாசியில் நிற்கிறது. நுனி மூடாமல் புனல்போல விரிந்து கிடக்கிறது. “பல்லு நல்லாத்தானே இருக்கு, இது எங்கேயிருந்து வந்தது?” என்று பெற்றோர் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: “ரூட் கேனலா, எடுத்துவிடுவதா?”

இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னும் நாலைந்து வழிகள் உண்டு. அவற்றை எடைபோட்டுப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மருந்து, எந்த சிமெண்ட் என்பதெல்லாம் அப்புறம். பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் மென்திசுவான பற்கூழ் உயிரோடு இருக்கிறதா? வேர் இன்னும் எவ்வளவு வளர வேண்டியிருக்கிறது? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் முடிவில் பாதி தானாக வந்துவிடும். மீதிப் பாதியில்தான் கருத்து வேறுபாடுகள்.

முளைக்கும்போதே வந்த குறை

சொத்தை இல்லாத பல்லில் சீழ் வைப்பதற்கு அடிபடுவது ஒரு காரணம். அடியும் படவில்லை என்றால் பல் உருவானபோதே அதன் வடிவத்தில் ஏதோ பிசகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் அதிகம் தொல்லை தருபவை இரண்டு. ஒன்று டென்ஸ் இவாஜினேட்டஸ், இன்னொன்று டென்ஸ் இன்வாஜினேட்டஸ். ஓரெழுத்து வித்தியாசத்தில் நேர் எதிர்ப் பொருள்! கேட்பவரைக் குழப்பவே வைத்த பெயர்கள் என்று எனக்குச் சந்தேகம். நான் இங்கே புடைப்புப் பல், உட்குழிவுப் பல் என்றே சொல்லப் போகிறேன்.

புடைப்புப் பல்லில், மெல்லும் பரப்பின் நடுவில் ஒரு சின்னக் கூம்பு எழுந்து நிற்கும். கீழ்த்தாடை முன்கடைவாய்ப்பற்களில்தான் இது அதிகம். ஆசிய வம்சாவளி மக்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. முன்பற்களில் வந்தால் பல்லின் உட்புறத்தில் பறவையின் நகம்போல வளைந்திருக்கும். கூம்பின் மேல் எனாமல், அதற்குள் எனாமலுக்கு அடியில் இருக்கும் கெட்டித் திசுவான டென்டின் மெல்லியதாக, பல சமயம் அதற்கும் உள்ளே இழைபோலப் பற்கூழ். பல் முழுதாக மேலே வந்து எதிர்ப்பல்லோடு மோதத் தொடங்கியதும் இந்தக் கூம்புதான் முதலில் அடி வாங்கும். உடையலாம், அல்லது சத்தமில்லாமல் தேயலாம். உடைந்த இடத்தில் ஒரு புள்ளி மட்டும் மிஞ்சும். அந்தப் புள்ளி வழியே கிருமி உள்ளே போவதைப் பிள்ளை உணர்வதே இல்லை. மாதங்கள் கழித்து ஈறு வீங்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

உட்குழிவுப் பல்லில் நடப்பது இதற்குத் தலைகீழ். பல் கெட்டிப்படுவதற்கு முன்பே எனாமல் உள்பக்கமாக மடிந்து ஒரு பையை உருவாக்கிவிடுகிறது. மேல்தாடையின் பக்கவாட்டு வெட்டுப்பல்லில்தான், அதாவது நடுவிலிருந்து இரண்டாவது பல்லில்தான், இது பெரும்பாலும் வரும். ஓலர்ஸ் என்பவர் 1957-ல் இதை மூன்று வகையாகப் பிரித்தார். இன்றும் அந்தப் பிரிவுதான் புழக்கத்தில் இருக்கிறது. முதல் வகையில் மடிப்பு பல்லின் தலைப்பகுதியோடு நின்றுவிடும். இரண்டாவதில் வேருக்குள் இறங்கி, வெளியே திறக்காத பையாக முடியும். மூன்றாவதில் வேரை ஊடுருவிப் பக்கவாட்டிலோ நுனியிலோ தனி வாசலோடு திறந்துகொள்ளும். இந்த மூன்றாவதுதான் மருத்துவரின் தூக்கத்தைக் கெடுப்பது.

இரண்டிலும் சிக்கல் ஒன்றுதான்: நேரம். பல் வாயில் முளைத்த பிறகு வேர் முடிய ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். மேல் பக்கவாட்டு வெட்டுப்பல் 8, 9 வயதில் முளைக்கும், வேர் 11 வயதுவாக்கில் முடியும். கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப்பல் 11, 12 வயதில் முளைக்கும், வேர் 13, 14-ல் முடியும். கூம்பு உடைவதும் குழிக்குள் கிருமி இறங்குவதும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். பற்கூழ் செத்தால் டென்டின் உருவாவது நின்றுபோகும். வேர் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே உறைந்துவிடும்: குட்டை, மெல்லிய சுவர், திறந்த நுனி.

வழக்கமான ரூட் கேனல் இங்கே ஏன் ஆகாது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. வளர்ந்த பல்லின் நுனியில் ஒரு குறுகல் உண்டு. உள்ளே நிரப்பும் கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருள் அதில் முட்டி நிற்கும். அடிப்பகுதி இல்லாத பாத்திரத்தில் எதை நிரப்ப? கழுவும் திரவம்கூட அழுத்தம் கொஞ்சம் கூடினால் எலும்புக்குள் பாய்ந்துவிடும். அரத்தால் சுரண்டிச் சுத்தம் செய்யலாம் என்றால், சுவரே காகிதம் மாதிரி இருக்கிறது.

செத்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

இங்கேதான் அவசரப்பட்டு ஏமாறுகிறோம். குளிர் வைத்துப் பார்ப்பது, மின்சாரம் வைத்துப் பார்ப்பது என்று வழக்கமாகச் செய்யும் சோதனைகள் வேர் முடியாத பல்லில் நம்பத்தக்கவை அல்ல. நரம்பு இழைகள் அந்தப் பல்லில் இன்னும் முழுதாகப் பரவியிருக்காது. நல்ல உயிரோட்டமுள்ள பல்கூடப் பதில் சொல்லாமல் இருக்கும். அதனால் மறுபக்கத்து அதே பல்லிலும் சோதித்து ஒப்பிட வேண்டும்.

எக்ஸ்ரேயும் ஏமாற்றும். வளரும் வேரின் நுனியில் அப்பிகல் பாப்பிலா என்ற மென்திசு இருக்கிறது. படத்தில் அது கருப்பு வட்டமாகத் தெரியும். சீழ்க்கட்டி என்று எண்ணி நல்ல பல்லைத் திறந்துவிடும் ஆபத்து உண்டு. இன்னொன்று, எக்ஸ்ரே முன்னிருந்து பின்னாகத் தட்டையாகத்தான் காட்டும். படத்தில் நுனி ஒடுங்கிவிட்டதுபோலத் தெரிந்தாலும், கன்னத்திலிருந்து நாக்கை நோக்கிய திசையில் அது இன்னும் அகலமாகத் திறந்திருக்கலாம்.

ஈறில் சீழ்ப்புரை, தட்டினால் வலி, பல் ஆட்டம், மறுபக்கப் பல்லைவிட வேர் தெளிவாகக் குட்டை. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் முடிவெடுக்கலாம். ஒற்றைச் சோதனையை வைத்து “நரம்பு செத்துப்போச்சு” என்று சொல்லப்பட்டால், இன்னொரு மருத்துவரிடம் காட்டுவதில் தப்பில்லை.

உயிர் இருந்தால்: வேறெதையும் யோசிக்க வேண்டாம்

கூம்பு இன்னும் உடையவில்லை என்று வைத்துக்கொள்வோம். பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்பது ஒரு வழி. எதிர்ப்பல் அந்தக் கூம்பைத் தொடவே இல்லை என்றால் மட்டும் இது சரி. தொட்டால் இது சூதாட்டம். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் குறைப்பது இரண்டாவது. சில வாரங்களுக்கு ஒருமுறை மிகச் சிறிதளவு தேய்த்தால், உள்ளே பற்கூழ் தானாகப் புது டென்டினைப் போட்டுப் பின்வாங்கும் என்பது இதன் கணக்கு. காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் கூம்புக்குள் பற்கூழ் எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்பது தேய்ப்பவருக்குத் தெரியாது. பிள்ளையும் சொன்ன தேதியிலெல்லாம் வந்துகொண்டிருக்காது. மூன்றாவது, கூம்பை ஒரேயடியாக எடுத்துவிட்டு, கிருமி புகாத சூழலில் மேலே மருந்து சிமெண்ட் வைத்து மூடுவது. இதிலும் பலன் உண்டு, ஆனால் உடையாத ஒன்றை நாமே உடைக்கிறோம்.

நான் சாய்வது நாலாவது வழிக்கு: கூம்பைச் சுற்றி, பல்லின் நிறத்தில் அடைக்கப் பயன்படும் காம்போசிட் பிசினை இளகிய நிலையில் ஊற்றி, மலையடிவாரம்போலச் சரிவாக அணை கட்டிவிடுவது. எதிர்ப்பல்லில் இடிக்கும் முனையைச் சிறிது மழுக்கிவிடலாம். ஊசி தேவையில்லை, துளை தேவையில்லை, கால் மணி, அரை மணி நேரத்தில் முடியும். பிசின் தேயத்தேயக் கூம்பும் அதோடு மெல்லத் தேயும், உள்ளே பற்கூழுக்குப் பின்வாங்க நேரம் கிடைக்கும். தேய்ந்தால் மறுபடி வைக்க வேண்டும், அவ்வளவுதான் இதன் குறை. உட்குழிவுப் பல்லிலும் இதே கதைதான். முளைத்து வந்த கையோடு குழியின் வாயைப் பிசினால் அடைத்துவிட்டால், முதல் வகையில் பெரும்பாலும் அதோடு விஷயம் முடிந்தது.

சரி, கூம்பு உடைந்துவிட்டது, பற்கூழ் வெளியே தெரிகிறது, ஆனால் உயிரோடு இருக்கிறது. அப்போதும் முழு ரூட் கேனலுக்குப் போகக் கூடாது. திறந்த இடத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பற்கூழை வெட்டியெடுத்து, ரத்தம் நின்றதும் மேலே மருந்து வைத்து மூடுவார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த மிக்லோஸ் செவெக் 1978-ல், அடிபட்டு உடைந்த 60 பற்களில் இதைச் செய்து 96 விழுக்காட்டில் குணம் கண்டதாக எழுதினார். இன்றும் இந்தச் சிகிச்சைக்கு அவர் பெயர்தான். அவர் வைத்தது கால்சியம் ஹைட்ராக்சைடு, இப்போது எம்.டி.ஏ., பயோடென்டின் போன்ற சிமெண்ட்கள் வைக்கிறார்கள். மிச்சப் பற்கூழ் வேலையைத் தொடரும், வேர் இயல்பாகவே முடியும், சுவர் தடிக்கும். பின்னால் வரும் எந்தச் சிகிச்சையாலும் இதற்கு ஈடுகொடுக்க முடியாது. பற்கூழ் தலைப்பகுதி முழுக்க அழன்றிருந்தால் இன்னும் ஆழமாக, வேரின் வாய் வரை வெட்டலாம். அதுவும் முழுதாக எடுப்பதைவிட மேல்.

செத்துவிட்டால்: மூன்று பாதைகள்

முதலாவது பழைய பாதை. 1960-களின் நடுவில் கைசரும், அவருக்குப் பின் ஃபிராங்கும் பரப்பிய முறை: வேருக்குள் கால்சியம் ஹைட்ராக்சைடு பசையை நிரப்பி, மாதக்கணக்கில் வைத்து, நுனியில் ஒரு கெட்டியான தடுப்பு தானாக உருவாகும்வரை காத்திருப்பது. ஆறு மாதமும் ஆகலாம், ஒன்றரை ஆண்டும் ஆகலாம். நடுநடுவே பசையை மாற்ற வேண்டும். பல பத்தாண்டுகள் இதுதான் ஒரே வழியாக இருந்தது, பலன் தரவும் செய்தது. தடுப்பு உருவாகும், சீழ் ஆறும். ஆனால் சில ஆண்டு கழித்து, ஏதோ கடிக்கும்போது பல் ஈறு மட்டத்தில் ஒடிந்துவிடும்.

எவ்வளவு பற்கள் ஒடிகின்றன என்பதை செவெக்கே 1992-ல் கணக்கெடுத்தார். இப்படிச் சிகிச்சை பெற்ற பற்களில், வேர் மிகக் குறைவாக வளர்ந்திருந்தவற்றில் 77 விழுக்காடும், கிட்டத்தட்ட வளர்ந்துவிட்டவற்றில் 28 விழுக்காடும் கழுத்தில் ஒடிந்திருந்தன. 2002-ல் ஆண்ட்ரியாசன் குழு ஆட்டுப் பற்களில் சோதித்து, கால்சியம் ஹைட்ராக்சைடு நிரப்பி வைத்த இளம் பல்லின் உறுதி ஓராண்டில் பாதியாகிவிடும் என்றது. சுவர் மெல்லிசு என்பது ஒரு காரணம், மருந்து அதிக நாள் இருந்து டென்டினைப் பலவீனப்படுத்துவது இன்னொன்று. ஆகவே சில வாரங்கள் கிருமி கொல்லும் மருந்தாக இதை வைப்பதில் குறையில்லை. ஒன்றரை ஆண்டு உள்ளேயே வைத்திருக்கும் திட்டத்தை இன்று ஒருவர் முன்வைத்தால், ஏன் என்று கேளுங்கள். மற்ற இரண்டு வழிகளுக்கான பொருளோ கருவியோ இல்லாத இடம் என்றால் அது நியாயமான பதில்தான்.

இரண்டாவது பாதை நுனியில் அடைப்பு வைப்பது. கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் டொராபினெஜாத் குழு 1993-ல் அறிமுகப்படுத்திய எம்.டி.ஏ. என்ற சிமெண்ட் இதைச் சாத்தியமாக்கியது. கட்டிடம் கட்டும் போர்ட்லாண்ட் சிமெண்ட்டின் நெருங்கிய உறவினர் இது. ஈரத்திலேயே இறுகும், எலும்புத்திசு இதை ஏற்றுக்கொள்ளும். வேரைச் சுத்தம் செய்து ஓரிரு வாரம் மருந்து வைத்த பிறகு, நுனியில் 3 முதல் 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு இதை அமுக்கி வைத்தால் அடிப்பகுதி தயார். அதற்கு மேலே கட்டா பெர்ச்சாவோ, வேருக்குள் இறங்கும் காம்போசிட்டோ நிரப்பி முடித்துவிடலாம். மொத்தம் இரண்டு வருகை. சீழ் ஆறுவதில் இது நம்பகமானது. பிள்ளை திரும்ப வருமா வராதா என்ற சந்தேகம் இருக்கும் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

குறை என்ன? வேர் ஒரு மில்லிமீட்டர்கூட வளராது, சுவர் தடிக்காது. பாதியில் நின்ற வேரைப் பாதியிலேயே பூட்டிவிடுகிறோம். ஈறு மட்டத்துக்கும் கீழே காம்போசிட்டை இறக்கி வைத்தால் கழுத்து ஓரளவு பலப்படும், அதை மருத்துவரிடம் கேட்டே வாங்கிக்கொள்ளலாம். முன்பல்லாக இருந்தால் நிறமும் ஒரு கவலை. எம்.டி.ஏ.யில் எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் சேர்க்கும் பிஸ்மத் ஆக்சைடு பல்லைச் சாம்பல் நிறமாக்கும். பயோடென்டினில் அதற்குப் பதில் சிர்கோனியம் ஆக்சைடு. பன்னிரண்டு நிமிடம்போல இறுகியும் விடும். எம்.டி.ஏ.க்கு மணிக்கணக்கு.

மூன்றாவது பாதையில்தான் எனக்கு ஆர்வம் அதிகம், சண்டையும் இதில்தான் அதிகம். ரீவாஸ்குலரைசேஷன் என்றும் ரீவைட்டலைசேஷன் என்றும் சொல்வார்கள். வேருக்குள் உயிர்த்திசுவை மறுபடி வரவழைப்பது. நார்வேயின் நைகார்ட் ஆஸ்ட்பி 1961-லேயே, வேருக்குள் ரத்தம் உறைய விட்டால் என்ன வளர்கிறது என்று பார்த்தவர். ஆனால் இன்றைய வடிவில் இது எழுந்து நின்றது 2001-ல் ஜப்பானின் இவாயா குழு வெளியிட்ட ஒரு பல்லின் கதையாலும், 2004-ல் பாங்க்ஸும் ட்ரோப்பும் வெளியிட்ட இன்னொரு பல்லின் கதையாலும். இரண்டுமே கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப்பல். இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் வந்த அதே பல்.

செய்முறை சுருக்கமாக இது. முதல் வருகையில் அரம் வைத்துச் சுரண்டாமல், நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட்டால் பொறுமையாகக் கழுவி, உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடோ, செறிவு குறைந்த ஆன்டிபயாட்டிக் பசையோ வைத்து மூடுவார்கள். திரவத்தின் செறிவு 1.5 விழுக்காடு போதும். அதற்கு மேல் போனால் நுனியில் காத்திருக்கும் மூலசெல்களும் சாகும். ஒன்று முதல் நான்கு வாரம் கழித்து, சீழ் வற்றியிருந்தால் இரண்டாம் வருகை. அன்று போடும் மரத்துப்போகும் ஊசியில் ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து இருக்கக் கூடாது, இருந்தால் ரத்தம் வராது. 17 விழுக்காடு ஈ.டி.டி.ஏ. கரைசலால் கழுவி, நுனிக்கு வெளியே இருக்கும் திசுவை மெல்லக் கீறி, வேருக்குள் ரத்தம் நிறைய விட்டு, அது உறைந்ததும் மேலே சிமெண்ட் வைத்து மூடுவார்கள். ரத்த உறைவு ஒரு சாரம்போல. அதைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து செல்கள் உள்ளே ஏறும்.

பலிக்கும்போது பார்க்க அருமையாக இருக்கும். ஓராண்டு, இரண்டாண்டில் சுவர் தடிக்கும், வேர் நீளும், நுனி குவியும். ஆனால் இங்கே விற்பனைப் பேச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே வளர்வது அசல் பற்கூழும் டென்டினும் அல்ல. பெரும்பாலும் சிமென்டம் (வேரின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருக்கும் திசு) போன்றதும் எலும்பு போன்றதுமான திசு. வேர் எவ்வளவு நீளும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சீழ் ஆறிவிட்டு வேர் அப்படியே நின்றுபோன பற்களும் நிறைய. சில பற்களில் உள்ளறை முழுக்கக் கெட்டிப்பட்டு அடைந்துவிடும். ஆன்டிபயாட்டிக் பசையில் மினோசைக்ளின் இருந்தால் பல் நிறம் மாறும். வருகைகள் அதிகம், பிள்ளையின் ஒத்துழைப்பும் அதிகம் வேண்டும். ரத்தமே வராமல் கைவிட வேண்டிய நாளும் உண்டு.

இரண்டில் எது?

நோய் ஆறுவதிலும் பல் வாயில் நிலைப்பதிலும் அடைப்பும் ரீவாஸ்குலரைசேஷனும் ஏறத்தாழ சமம். வித்தியாசம் வேரின் வளர்ச்சியில் மட்டுமே. அதனால் வளர வேண்டிய பாக்கி எவ்வளவு என்பதுதான் என் தராசு.

வேர் பாதிக்கும் குறைவாக, சுவர் மெல்லிசாக, நுனி அகலமாக இருந்தால் ரீவாஸ்குலரைசேஷனை முதலில் முயன்று பார்க்கலாம். அடைத்து வைத்தால் ஒடியப் போகும் பல்தான் இது, முயல்வதில் இழப்பு குறைவு. முக்கியமான இன்னொரு காரணமும் உண்டு. இது தோற்றால் திரும்ப வந்து அடைப்பு வைக்க முடியும். அடைப்பு வைத்த பிறகு மனம் மாறி அதை எடுத்துவிட்டு வளர விடுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஒருவழிப் பாதையைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது.

வேர் நீளம் ஏறக்குறைய முடிந்து, நுனி மட்டும் கொஞ்சம் திறந்திருந்தால் அடைப்பே போதும். வளர வேண்டியது ஒன்றுமில்லாத இடத்தில் எதற்கு அத்தனை வருகை? அதேபோல வேருக்குள் போஸ்ட் என்ற தண்டை இறக்கி மேலே கிரவுன் என்ற பல்மூடியைக் கட்ட வேண்டிய அளவுக்குத் தலைப்பகுதி உடைந்திருந்தால், உள்ளறை நமக்குத் தேவை. ரத்த உறைவுக்கு அங்கே இடமில்லை.

புடைப்புப் பல்லுக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது. விழுந்து அடிபட்ட முன்பல்லில், அடி வேர்நுனியையும் நசுக்கியிருக்கும். வேரை வழிநடத்தும் ஹெர்ட்விக் உறையும் அப்பிகல் பாப்பிலாவும் காயப்பட்டிருக்கும். புடைப்புப் பல்லிலோ கிருமி மேலிருந்து இறங்கியது, நுனி பெரும்பாலும் அடிபடாமல் இருக்கும். 2017-ல் வெளியான, ரீவாஸ்குலரைசேஷனையும் அடைப்பையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஓர் ஆய்விலும், அடிபட்ட பற்களைவிடப் புடைப்புப் பற்களில் வேர் நன்றாக வளர்ந்தது. ஆக அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, வேர் முக்கால்வாசியில் நின்றாலும் சுவர் மெல்லிசாக இருந்தால், நான் ரீவாஸ்குலரைசேஷன் பக்கமே நிற்பேன்.

உட்குழிவுப் பல்லில் இப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது. முடிவெடுக்கும் முன் சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன் அநேகமாகக் கட்டாயம். கதிர்வீச்சு சாதாரண எக்ஸ்ரேயைவிட அதிகம்தான், பிள்ளைக்கு வீணாக எடுக்கக் கூடாதுதான். ஆனால் இங்கே அது வீண் இல்லை. ஏன் என்றால் மூன்றாம் வகையில், சீழுக்குக் காரணம் மடிப்புக்குள் புகுந்த கிருமியாக இருக்கும். பக்கத்திலேயே உண்மையான பற்கூழ் நலமாக உயிரோடு இருக்கும். மடிப்பைத் தனி வேர்க்குழாய்போல நினைத்து அதை மட்டும் சுத்தம் செய்து நிரப்பினால், பற்கூழ் பிழைத்து வேரையும் முடித்துவிடும். தெரியாமல் நடுவில் துளைத்தால் உயிருள்ளதைக் கொன்றவர்கள் ஆவோம்.

இரண்டாம் வகையில் பற்கூழும் செத்துவிட்டால், பையைக் குடைந்து எடுத்தால்தான் உள்ளே முழுதாகக் கழுவ முடியும். குடைந்தால் சுவர் இன்னும் மெலியும். நுண்ணோக்கி இல்லாமல் இதில் கைவைக்கச் சொல்ல மாட்டேன். கழுவிச் சுத்தம் செய்ய முடிந்தால் ரீவாஸ்குலரைசேஷனும் பலித்திருக்கிறது. மூலைமுடுக்கில் கிருமி தங்கிவிடும் என்ற சந்தேகம் இருந்தால் அடைப்புதான் பத்திரம், ஏனென்றால் ரத்த உறைவு வளர்வதற்குக் கிருமியே இல்லாத இடம் வேண்டும்.

எடுத்துவிடுவது எப்போது நல்லது

பல்லைக் காப்பாற்றுவதே எப்போதும் சரி என்று நினைப்பவன் இல்லை நான். பற்கள் நெருக்கமாக இருந்து, கம்பி போடுவதற்காக எப்படியும் முன்கடைவாய்ப்பற்களை எடுக்க வேண்டியிருக்கிறது என்றால், நல்ல பல்லை எடுத்துவிட்டு நோயுற்ற பல்லுக்கு இரண்டாண்டு வைத்தியம் பார்ப்பதில் என்ன நியாயம்? முன்கடைவாய்ப்பல்லில் சிகிச்சை தொடங்கும் முன் பல்சீரமைப்பு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அப்படித் திட்டம் எதுவும் இல்லையென்றால் எடுப்பதற்கு அவசரமே வேண்டாம். வளரும் தாடையில் இம்பிளான்ட் வைக்க முடியாது. தாடை வளர, அது மட்டும் இருந்த இடத்திலேயே நின்று குழிந்துபோகும். பல் போன இடத்தில் எலும்பும் சுருங்கும். சிகிச்சை செய்த பல் எட்டு, பத்து ஆண்டு தாக்குப்பிடித்தாலே எலும்பைக் காத்து வைத்துப் பிள்ளையை வளர்ச்சி முடியும் வயதுவரை கொண்டுபோய்விடும். முன்பல் போயே ஆக வேண்டும் என்றால், வேர் முடியாத இன்னொரு முன்கடைவாய்ப்பல்லை அந்த இடத்தில் நட்டு வளர்ப்பதும் உண்டு. தேர்ந்த கை வேண்டும், அமைந்தால் நன்றாகவே அமையும்.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். சில பிள்ளைகளுக்கு வேர் “இன்னும் முடியாமல்” இருப்பதில்லை, அது அவ்வளவுதான். டென்டின் டிஸ்பிளேசியாவின் முதல் வகையில் பல பற்களுக்கு வேரே பெயருக்குத்தான் இருக்கும். அது மரபுவழிக் குறை. அங்கே தூண்டி வளர்க்க எதுவும் கிடையாது. மேலே சொன்ன மூன்று பாதைகளும் பொருந்தாது. சுத்தம், வலி இல்லாமல் வைத்திருப்பது, முடிந்தவரை நாள் கடத்துவது என்று அதன் கணக்கே வேறு. ஒரே ஒரு பல்லில் வேர் குட்டையா, வாய் முழுக்கவா என்று பார்த்தாலே பாதி பிரிந்துவிடும்.

முடிவுக்குப் பிறகு

ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டுக் கொப்புளம் அமுங்கிவிட்டது, இனி வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். செத்த பற்கூழுக்கு ரத்த ஓட்டம் இல்லை, மாத்திரை அங்கே போய்ச் சேராது. கொப்புளம் திரும்பி வரும்.

எந்த வழியை எடுத்தாலும் ஆறு மாதம், ஓராண்டு, இரண்டாண்டு முடிவில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை. ரீவாஸ்குலரைசேஷனில் முதலில் சீழின் கருநிழல் மறையும், சுவர் தடிப்பது அதற்குப் பிறகு, நீளம் தெரிந்தால் அதற்கும் பிறகு. ஆறாவது மாதத்தில் “வேர் வளரவில்லையே” என்று சோர்ந்துபோக வேண்டியதில்லை. வலி திரும்பினாலோ நிழல் பெரிதானாலோ காத்திருக்கவும் கூடாது.

அப்புறம், மறுபக்கத்துப் பல். புடைப்பு பெரும்பாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே வரும். இடப்பக்கப் பல் சீழ் பிடித்து வந்த அன்றே வலப்பக்கத்தையும் உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கூம்பு இன்னும் உடையாமல் நின்றால், காம்போசிட் அணையை அதே வருகையில் கட்டிவிடலாம்.